அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை: கீமோ தொடங்கும் முன் எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மன்னார்குடி மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 63 வயது. எங்கள் வீட்டில் புகைபிடிப்பவர் ஒருவரும் கிடையாது. ஆவணியில் தொடங்கிய வறட்டு இருமலுக்கு முதலில் மருந்துக்கடை மருந்து, பிறகு காசநோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் சளிப் பரிசோதனைகள் என்று இரண்டு மாதங்கள் போய்விட்டன. ஐப்பசியில் படுக்கவே முடியாத அளவுக்கு மூச்சுத் திணறல் வந்தபோதுதான் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பது தெரிந்தது. ஊசி வழியாக ஒன்றேகால் லிட்டர் நீரை எடுத்தார்கள். அந்த நீரிலும், பிறகு எடுத்த பயாப்சியிலும் நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகையான 'அடினோகார்சினோமா' என்று முடிவு வந்திருக்கிறது. இடுப்பெலும்பில் இரண்டு இடங்களிலும் கல்லீரலில் ஓரிடத்திலும் பரவியிருப்பதாகப் பெட் ஸ்கேன் காட்டுகிறது. நான்காம் நிலை என்றார்கள்.

நாங்கள் காட்டிவரும் தனியார் மருத்துவமனையில் வருகிற திங்கட்கிழமை கீமோதெரபி தொடங்கலாம் என்றும், வசதி இருந்தால் அதோடு உடலின் எதிர்ப்புச் சக்தியையே நோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசியையும் சேர்க்கலாம், அதற்கு ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கில் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் கடுமையானவர் அல்லர். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருக்க, எங்களுக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் எதைக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், உடனே சென்னைக்கோ மும்பைக்கோ அழைத்துப் போ, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதே என்கிறார். சின்னம்மா முள் சீத்தா இலைக் கஷாயத்தை ஒரு மண்டலம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். மாமாவோ, இந்த வயதில் ஊசியும் மருந்துமாக அக்காவை ஏன் வதைக்கிறீர்கள் என்று கண் கலங்குகிறார். ஒவ்வொருவரும் அம்மாவின் மேல் உள்ள பாசத்தில்தான் பேசுகிறார்கள் என்பதால் யாரையும் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவிடம் இதுவரை நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். பொங்கலுக்குள் சரியாகிவிடுமா என்று நேற்றுக் கேட்டார்.

திங்கட்கிழமைக்கு முன் நான் எதைக் கேட்க வேண்டும், எந்த அறிக்கையை வாங்க வேண்டும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதால் நாள் கடந்துபோய் அம்மாவுக்குத் தீங்கு வருமா என்பதை இந்த வழியில் நடந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காவிரிக்கரையான்:

சகோதரி, முதலில் உங்கள் ஃபைலை எடுத்து, பயாப்சி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'ஈ.ஜி.எஃப்.ஆர்', 'ஏ.எல்.கே' என்ற எழுத்துகள் எங்காவது இருக்கின்றனவா என்று பாருங்கள். புற்றுநோய்ச் செல்களில் மாறியிருக்கக்கூடிய இரண்டு மரபணுக்களின் பெயர்கள் அவை. இல்லையென்றால் மரபணு மாற்றப் பரிசோதனை இன்னும் செய்யப்படாமல் இருக்கலாம். திங்கட்கிழமை நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: "மியூடேஷன் டெஸ்ட் அனுப்பியாயிற்றா? முடிவு வரும்வரை காத்திருக்கலாமா?"

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அப்பா. 2019இல் அவருக்கும் இதே நோய், இதே நிலை. எங்களிடம் எவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. மூன்று முறை கீமோ போட்டு, மனிதர் பாதியாக இளைத்து, வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காமல் கிடந்தபோது, வேறொரு ஊரிலிருந்து வந்த ஒரு மருத்துவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "இந்த டெஸ்ட்டை ஏன் செய்யவில்லை?" என்று கேட்டார். பழைய பயாப்சி பிளாக்கை வாங்கி அனுப்பினோம். ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இருந்தது. தினம் ஒரு மாத்திரை. ஆறு வாரத்தில் அப்பா தானாக எழுந்து கொல்லைக்குப் போய்வந்தார். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எங்களோடு இருந்தார். அந்த மாத்திரையை முதலிலேயே கொடுத்திருந்தால் அவர் அந்த மூன்று மாத வேதனையைப் பட்டிருக்க வேண்டாமே என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

பிளாக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அதைக் கையில் வாங்கும்வரை அறிந்திருக்கவில்லை. தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் கூடு, அதில் உறைந்த வெள்ளை மெழுகு, மெழுகுக்கு நடுவே அரிசிக் குருணை அளவில் இரண்டு மூன்று துணுக்குகள். அவ்வளவுதான். அந்தத் துணுக்குகளை மெல்லிய சீவல்களாகச் சீவித்தான் எல்லாப் பரிசோதனையும் செய்கிறார்கள். சீவச் சீவத் தீர்ந்துவிடும் என்பதால் தேவையற்ற பரிசோதனைகளுக்கு அதைச் செலவழிக்க விடாதீர்கள். பிளாக் நோயாளிக்கு உரியது. எழுத்தில் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். வெயில் நேரத்தில் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போன இரவுப் பேருந்தில் நான் அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

இரண்டாவது கருத்துக் கேட்க அம்மாவை இப்போதே அலைக்கழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் ஃபைலோடு குடும்பத்தினர் மட்டும் போய்ப் பேச முடியும். அறிக்கைகளைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலே ஒரே பக்கத்தில் அம்மாவின் வயது, மற்ற நோய்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், என்று என்ன நடந்தது என்பதை எழுதி வையுங்கள். ஸ்கேனுக்கு ஃபிலிம் போதாது, சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகிய மூன்றும் நம் பகுதியிலிருந்து போய்வரக்கூடியவை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் வல்லுநர்களிடம் 'நவ்யா' என்ற இணைய வழியில் அறிக்கைகளை ஏற்றிக் கருத்துப் பெறவும் முடியும். அண்ணன் ஏதாவது செய்யத் துடிக்கிறார் அல்லவா, இந்த வேலையை அவரிடம் கொடுங்கள். சிங்கப்பூரில் இருந்தபடியே செய்யலாம்.

புற்றுநோய் மருத்துவர், அரசுப் பணி:

அம்மா, உங்கள் தாயாரை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால் இதைச் சிகிச்சை ஆலோசனையாக அல்லாமல், உங்கள் மருத்துவரிடம் பேசுவதற்கான ஆயத்தமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே நண்பர் சொன்னது முற்றிலும் சரி. அதன் காரணத்தை நான் சற்று விரிக்கிறேன். நம் நாட்டில் நுரையீரல் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர் மரபணு மாற்றம் இருக்கிறது. புகைப்பழக்கம் இல்லாத பெண்களிடம் அது இன்னும் கூடுதல். ஏ.எல்.கே மாற்றம் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு. ஆசிய நாடுகளில் 1,217 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளிவந்த 'ஐபாஸ்' ஆய்வு, ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றத்துக்கான ஜெஃபிடினிப் மாத்திரையையும் கீமோவையும் ஒப்பிட்டது. அந்த மாற்றம் உள்ளவர்களிடம் மாத்திரை நோயை 9.5 மாதங்கள் கட்டுப்படுத்தியது, கீமோ 6.3 மாதங்கள். மாற்றம் இல்லாதவர்களிடமோ அதே மாத்திரை வெறும் 1.5 மாதங்கள்தான், கீமோ 5.5 மாதங்கள். ஒருவருக்கு நல்ல மருந்து, இன்னொருவருக்கு விலைமதிப்பற்ற காலத்தை வீணாக்கும் மருந்து. முகத்தைப் பார்த்தோ ஸ்கேனைப் பார்த்தோ இதைச் சொல்ல முடியாது. பரிசோதனை ஒன்றே வழி.

முடிவு வர ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். மூச்சுத் திணறல் கட்டுக்குள் இருந்து, அம்மா நடமாடிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அந்தக் காலத்தைக் காத்திருப்பதால் இழப்பில்லை. அதற்குள் நீர் மீண்டும் கோத்தால் எடுத்துவிடலாம், அந்த நீரிலிருந்தேகூட பிளாக் தயாரித்துப் பரிசோதிக்கலாம்; திசு போதாதென்றால் இரத்தத்திலும் இந்த மாற்றத்தைத் தேடும் பரிசோதனை உண்டு. நோய் வேகமாக இருக்கிறது, காத்திருக்க இயலாது என்று உங்கள் மருத்துவர் கருதினால், முதல் முறை கீமோவை மட்டும் தொடங்கிவிட்டு, இம்யூனோதெரபியை மரபணு முடிவு வரும்வரை தள்ளி வைக்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள். இம்யூனோதெரபி ஊசி போட்ட சில மாதங்களுக்குள் ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றத்துக்கான ஓசிமெர்டினிப் போன்ற மாத்திரையைத் தொடங்க நேர்ந்தால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்து கூடுகிறது. மேலும் ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் உள்ளவர்களிடம் அந்த ஊசி பொதுவாக அவ்வளவு பயன் தருவதுமில்லை. லட்சங்களைச் செலவிடுவதற்கு முன் இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இருப்பதாக வந்தால் உங்கள் முன் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கும். ஜெஃபிடினிப் நம் நாட்டில் பல நிறுவனங்கள் தயாரிப்பதால் மாதம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஓசிமெர்டினிப் அதைவிடப் பல மடங்கு விலை. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் அதற்குச் சுங்கவரி நீக்கப்பட்டும் எளிய குடும்பத்துக்கு அது எட்டாத தொலைவில்தான் இருக்கிறது. பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்ட 'ஃபிளாரா' ஆய்வில் ஓசிமெர்டினிப் நோயை 18.9 மாதங்கள் கட்டுப்படுத்தியது, மற்றவை 10.2 மாதங்கள்; வாழ்நாள் 38.6 மாதங்கள், மற்றவற்றில் 31.8. டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வோ, விலை குறைந்த ஜெஃபிடினிப்புடன் கீமோவையும் சேர்த்தால் நோய்க் கட்டுப்பாடு 8 மாதத்திலிருந்து 16 மாதமாக உயர்வதைக் காட்டியது, ஆனால் பக்கவிளைவுகளும் கூடின. எந்த வழி உங்கள் தாயாருக்கு என்பது அவர் உடல் தாங்கும் அளவையும், அவர் எதை ஏற்கத் தயார் என்பதையும், குடும்பத்தின் கையிருப்பையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. மேலே சொன்ன மாதக் கணக்குகள் எல்லாம் பலரின் நடுவெண்கள்; பாதிப் பேருக்கு அதைவிடக் கூடுதல், பாதிப் பேருக்குக் குறைவு. உங்கள் தாயாரின் நாள்கணக்கு அல்ல.

மாற்றம் எதுவும் இல்லையென்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அப்போதுதான் புற்றுநோய்ச் செல்களின் மேல் இருக்கும் பி.டி.எல்.1 என்ற புரதத்தின் அளவைப் பார்த்து, இம்யூனோதெரபியின் பயன் எவ்வளவு என்று மதிப்பிடுவது பொருளுள்ளதாகிறது.

இன்னும் இரண்டு செய்திகள். இந்த வகை நோய் மூளைக்குப் பரவுவது அரிதன்று, பெட் ஸ்கேனில் அது தப்பிவிடக்கூடும், மூளைக்கு எம்.ஆர்.ஐ எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். இடுப்பில் வலி இருந்தால், ஒரே நாளில் ஒரே முறை கொடுக்கும் கதிர்வீச்சே பலருக்கு அந்த வலியைக் குறைத்துவிடும். வாரக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. மருத்துவ ஆய்வில் சேரச் சொல்லி யாராவது அணுகினால், அது 'சி.டி.ஆர்.ஐ' என்ற இந்திய ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2009 ஜூனிலிருந்து இந்தப் பதிவு கட்டாயம். ஆய்வில் சேர மருந்துக்காக உங்களிடம் பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கஷாயத்தைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். முள் சீத்தா ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கிண்ணத்தில் உள்ள செல்களைக் கொன்றதாகச் சில ஆய்வுகள் உண்டு. மனிதரின் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்குச் சான்று இல்லை. அதை மிகுதியாக உண்ணும் கரீபியத் தீவான குவாதலூப்பில், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோயோடு அதற்குத் தொடர்பு கண்டிருக்கிறார்கள். அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. ஜெஃபிடினிப் கல்லீரல் நொதிகளை உயர்த்தக்கூடியது. கஷாயமும் சேர்ந்து அவை உயர்ந்தால் எது காரணம் என்று தெரியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டிவரும். சின்னம்மாவின் மனம் நோகாமல் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மன்னார்குடி மகள்:

உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். மருத்துவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "பிளாக்கை அனுப்புங்கள், பத்து நாள் பார்ப்போம்" என்றார். எம்.ஆர்.ஐக்கும் எழுதிக் கொடுத்தார். இம்யூனோதெரபியைத் தள்ளி வைக்க அவரே ஒப்புக்கொண்டார். நான் பயந்ததுபோல அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை.

ஆனால் இப்போது பெரிய பாரம் வேறு. முடிவெடுக்க அம்மாவின் விருப்பமும் வேண்டும் என்கிறீர்கள். அவருக்கோ நோயின் பெயரே தெரியாது. சொன்னால் மனம் உடைந்து படுத்துவிடுவார், சொல்லவே கூடாது என்று அண்ணன் சத்தியம் வாங்கியிருக்கிறார். இரவில் இடுப்பு வலியில் முனகுகிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

இல்லம் தேடும் செவிலி:

தங்கச்சி, நான் பதினெட்டு ஆண்டுகளாக டெல்டா கிராமங்களில் வீடு வீடாகப் போய் வலி நிவாரண ஆதரவு சிகிச்சை கொடுத்துவருகிறேன். என் அனுபவத்தில், தனக்கு என்ன என்று கொஞ்சமும் ஊகிக்காத நோயாளியை நான் பார்த்தது மிகக் குறைவு. மருத்துவமனைப் பலகையைப் படிக்கிறார்கள், காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் முடி உதிர்ந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிறார்கள், மகள் அடுக்களைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வருவதைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவர்கள் நமக்காக மறைக்கிறார்கள், அவர்கள் தாங்கமாட்டார்கள் என்று நாம் மறைக்கிறோம். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதுகொண்டிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். உங்கள் அம்மா வலியை ஒன்றுமில்லை என்று சொல்வதும் அந்த வகைதான்.

ஒரேயடியாகப் போட்டு உடைக்க வேண்டாம். முதலில் நீங்கள் சொல்லாதீர்கள், கேளுங்கள். தலை பின்னிவிடும்போதோ கால் பிடித்துவிடும்போதோ, "இந்த இருமல் எதனால் என்று நீ நினைக்கிறாய் அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதியைத் தாங்கிக்கொள்வதுதான் கடினம், ஆனால் அதில்தான் அவர் வாய் திறப்பார். அடுத்து, "டாக்டர் சொன்னதை எல்லாம் நீ தெரிந்துகொள்ள விரும்புகிறாயா, இல்லை நாங்கள் பார்த்துக்கொண்டால் போதுமா?" என்று கேளுங்கள். தெரிய வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை, அதையும் மதிக்க வேண்டும். தெரிய வேண்டும் என்றால், கேட்ட அளவுக்கு, பொய் இல்லாமல் சொல்லுங்கள். "கெட்ட கட்டிதான். முழுக்கப் போக்க முடியாது, ஆனால் அடக்கி வைக்க மருந்து இருக்கிறது. வலி இல்லாமல் பார்த்துக்கொள்வோம். நான் உன்னோடுதான் இருப்பேன்." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். கடைசிவரை அவருக்கு எவரும் சொல்லவில்லை. இறப்பதற்கு மூன்று நாள் முன் என்னிடம், "முன்னாடியே சொல்லியிருந்தால் சின்னவனைக் கூப்பிட்டு அந்த வரப்புத் தகராறைத் தீர்த்துவிட்டுப் போயிருப்பேனே" என்றார். அண்ணன் தம்பி இருவரும் இன்றும் பேசிக்கொள்வதில்லை. உங்கள் அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள்.

வலிக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கி எறியாமல், அதன் பின்பக்கத்தில் காலை, மதியம், இரவு வலி பத்துக்கு எத்தனை என்று அம்மாவையே சொல்லச் சொல்லி எழுதிவையுங்கள். ஒரு வாரத் தாள்களை மருத்துவரிடம் காட்டினால், ஐந்து நிமிடத்தில் அவருக்கு வேண்டியது அதில் இருக்கும். மார்ஃபின் எழுதினால் பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1986லேயே புற்றுநோய் வலிக்கு அதை முறையாகப் பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் 2014இல் சட்டத்தைத் திருத்தி, கிடைப்பதை எளிதாக்கினார்கள். வலிக்காக முறையாகக் கொடுக்கும்போது அது போதைப்பழக்கம் ஆவது அரிது. கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுதான்: மலச்சிக்கலுக்கான மருந்து. மார்ஃபின் தொடங்கும் அன்றே அதையும் தொடங்க வேண்டும், மூன்று நாள் கட்டிக்கொண்ட பிறகு அல்ல. மூச்சு வாங்கும்போது சாய்த்து உட்காரவைத்து, சின்ன மேசை விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பி வையுங்கள். கன்னத்தில் காற்றுப் படுவதே திணறலைக் குறைக்கும்.

ஆதரவு சிகிச்சை என்றால் எல்லாம் முடிந்த பிறகு வருவது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், புற்றுநோய்ச் சிகிச்சையோடு முதலிலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, கடைசிக் காலத்தில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றும், கூடுதல் நாள் வாழ்ந்தார்கள்: 11.6 மாதங்கள், மற்றவர்கள் 8.9. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தரும் செவிலியர் உண்டு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

மகளே, உன் மாமாவின் பேச்சை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். என் மனைவிக்குச் சினைப்பைப் புற்றுநோய். முதல் இரண்டு சுற்றுச் சிகிச்சைகள் எங்களுக்கு நான்கு நல்ல ஆண்டுகளைத் தந்தன, அதை நான் நன்றியோடு நினைக்கிறேன். மூன்றாவது சுற்றில் மருந்து நோயை விட்டுவிட்டு அவளைத் தின்னத் தொடங்கியது. நிறுத்திவிடலாம் என்று அவள்தான் சொன்னாள், நான் இல்லை. மருத்துவமனையில் கழியவிருந்த அந்த மூன்று மாதங்களை அவள் வீட்டுத் திண்ணையில் கழித்தாள். ஆகவே தொடங்கும்போதே மருத்துவரிடம் கேட்டுவை: இந்த மருந்து வேலை செய்கிறது என்பதை எந்த ஸ்கேனில், எத்தனை வாரத்தில் அறிவோம்? செய்யவில்லை என்றால் அடுத்தது என்ன? எதைப் பார்த்து நிறுத்துவோம்?

பணத்தையும் வெளிப்படையாகப் பேசிவிடு. நிலத்தை விற்பதற்கு முன், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு விண்ணப்பி. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கு. சிகிச்சைக்காக ரயிலில் போய்வர, படுக்கை வகுப்பிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் இல்லை, உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். விலை உயர்ந்த மாத்திரைகளை மத்திய அரசின் 'அம்ரித்' மருந்தகத்தில் கேட்டுப் பார். பெருத்த விலைக்குறைப்பு இருக்கும்.

மன்னார்குடி மகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் இருக்கிறது, அதில் 'எக்ஸான் 19' என்ற வகை என்று அறிக்கையில் வந்துள்ளது. மூளை எம்.ஆர்.ஐயில் ஒன்றும் இல்லை. இடுப்புக்கு ஒரே முறை கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். காலண்டர் தாளில் ஏழு, எட்டு என்று இருந்த இரவு வலி இப்போது மூன்றில் நிற்கிறது.

அக்கா சொன்னபடியே தலை பின்னும்போது கேட்டேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பெரியம்மாவுக்கு வந்ததுதானே?" என்றார். பெரிய பாட்டி இறந்தது எதனால் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. அழுதார், அழுதோம். அதன் பிறகு அண்ணனை வீடியோவில் கூப்பிடச் சொல்லி, "நீ என்னிடம் மறைக்கச் சொன்னாயாமே" என்று அவர் கேட்டபோது அண்ணன் அழுததைப் பார்த்து அம்மாதான் அவரைத் தேற்றினார்.

மருத்துவர் இரு வழிகளையும் அம்மாவிடமே விளக்கினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றிக்கொள்ளும் வழி வேண்டாம், மாத்திரை மட்டும் போதும் என்றார் அம்மா. விலையைக் கேட்டதும் விலை குறைந்த மாத்திரையே போதும் என்று பிடிவாதம் பிடித்தார். அதற்கும் இதற்கும் பயனில் என்ன வேறுபாடு என்று மருத்துவர் மறுபடி பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "சரி, அவன் வாங்கிக் கொடுக்கட்டும். அவனுக்கும் மனசு ஆறும்" என்று ஓசிமெர்டினிப்புக்கு ஒப்புக்கொண்டார். மருந்து நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டத்திலும் பதிந்திருக்கிறோம். சின்னம்மாவின் இலைகள் கொல்லையில் காய்கின்றன. இப்போதைக்கு வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

மாத்திரை தொடங்கிப் பதினோரு நாள் ஆகிறது. முகத்தில் சிறு பருக்கள் வந்திருக்கின்றன, படியேறினால் முன்னைப்போல் இரைப்பதில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை நேற்று அம்மாவே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். முதல் கேள்வி, ஊறுகாய் சாப்பிடலாமா. இரண்டாவது, வாய் கசப்பது நோயாலா மருந்தாலா. மூன்றாவதை எழுதாதே, அதை நானே அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன் என்றார்.